பவுலின் பெயரும் பவுலின் கையும்: புதிய ஏற்பாட்டு நிருபங்களின் ஆசிரியர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழைய நூலொன்றைச் சான்றாகக் கொள்ள விழையும் வரலாற்று மாணவன் முதற்கண் எழுப்ப வேண்டிய வினாக்கள் மூன்று. அதனை எழுதியவர் யாவர், எக்காலத்தில் எழுதினார், எவரை நோக்கி எழுதினார் என்பனவே அவை. கல்வெட்டாயினும் செப்பேடாயினும் கடிதமாயினும், இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் அளவிற்கே அது வரலாற்றுச் சான்றாகப் பயன்படும். ஆயின், ஒரு சமயத்தார் புனிதமெனப் போற்றும் நூல்களைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களை எழுப்புவது பொருந்தாதென எண்ணுவோர் பலர். நம்பிக்கையுடையோரிற் சிலர் இதனைத் தம் நம்பிக்கைக்கு எதிரான தாக்குதலாகக் கருதுவர். நம்பிக்கையற்றோரிற் சிலரோ, ஆசிரியர் பெயர் பொய்யென நிறுவிவிட்டால் நூலே பயனற்றதாகிவிடும் எனக் கருதுவர். இவ்விரு திறத்தாரும் முற்றிலும் மாறுபட்டவர்போலத் தோன்றினும், ஒரு பிழையான எண்ணத்தில் ஒன்றுபடுகின்றனர். ஆசிரியர் பற்றிய வினா, வேதத்திற்குப் புறத்தேயிருந்து அண்மைக் காலத்திலே வந்து சேர்ந்ததொன்று என்பதே அவ்வெண்ணமாகும்.

புதிய ஏற்பாட்டிலே பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வெண்ணம் எத்துணை பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிருபத் தொகுதி

புதிய ஏற்பாடு 27 நூல்களைக் கொண்டது. அவற்றுள் 13 நிருபங்கள் தம் முதல் வசனத்திலேயே பவுல் என்னும் பெயரைத் தாங்கியுள்ளன. கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் நெடுங்காலம் சின்னப்பர் எனப்பட்டவரும் இவரே. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் எவர் பெயரையும் கூறவில்லை. எனினும் அதுவும் பவுலுடையதென்றே பல நூற்றாண்டுகளாகக் கொள்ளப்பட்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் தலைப்பிலே பவுலின் பெயரைச் சேர்த்தே அச்சிட்டது. அவ்வாறு நோக்கின், புதிய ஏற்பாட்டு நூல்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை ஒருவர் பெயரால் வழங்கியவை எனலாம்.

இன்றைய ஆய்வாளர் இத்தொகுதியை நால்வகைப்படுத்துவர். றோமர், 1 கொரிந்தியர், 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய ஏழும் பவுலுடையன என்பதில் ஏறத்தாழ எல்லோரும் உடன்படுவர். 2 தெசலோனிக்கேயர், கொலோசெயர், எபேசியர் ஆகிய மூன்று பற்றியும் கருத்துவேறுபாடு நிலவுகின்றது. 1 தீமோத்தேயு, 2 தீமோத்தேயு, தீத்து என்னும் மூன்றும், சபையை நடத்தும் ஆயர்க்குரிய அறிவுரைகளைக் கூறுவதால் ஆயர் நிருபங்கள் எனப்படும். இவை பவுலுக்குப் பின் எழுந்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் முடிபு. எபிரெயர் நிருபம் பவுலுடையதெனக் கொள்வோர் இன்று மிகச் சிலரே.

இவ்வினா வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது ஏன்? கிரேக்க நாட்டின் தெல்பியிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்றின் துணைகொண்டு, கல்லியோன் என்பவன் அகாயா மாகாணத்தின் ஆளுநனாயிருந்த காலம் ஏறத்தாழக் கி.பி. 51-52 எனக் கணிக்கப்பட்டுள்ளது. பவுல் கொரிந்து நகரில் இவ்வாளுநன்முன் நிறுத்தப்பட்டார் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். இதனைக் கொண்டு, ஐயத்துக்கிடமில்லாத நிருபங்கள் ஏறத்தாழக் கி.பி. 50இற்கும் 60இற்கும் இடைப்பட்டவை எனக் கணிப்பர். நான்கு சுவிசேஷங்களும் இவற்றுக்குப் பின் எழுந்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. எனவே, இன்று நமக்குக் கிடைக்கும் கிறிஸ்தவ எழுத்துக்களுள் மிகப் பழையவை பவுலின் நிருபங்களே. அவற்றுள் எவை அவருடையன, எவை பின்வந்தோருடையன என்று பிரித்தறியாவிடின், அச்சமயத்தின் முதல் தலைமுறையையும் மூன்றாம் தலைமுறையையும் ஒன்றாகக் கருதி மயங்க நேரிடும்.

சொன்னவரும் எழுதியவரும்

ஆசிரியர் என்னும் சொல்லை இன்றைய பொருளில் அக்காலத்திற்கு ஏற்றிக் கூறுதல் தவறாகும். றோமர் நிருபத்தின் இறுதி அதிகாரத்திலே, அந்நிருபத்தை எழுதியவர் தாமே என்று கூறித் தெர்தியு என்பவர் இடையிற் புகுந்து தமது வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கின்றார். அவர் எழுதுவோராகப் பணியாற்றியவர், சொன்னவர் பவுல். கலாத்தியர் நிருபத்தின் முடிவிலோ, தாம் தமது கையால் எவ்வளவு பெரிய எழுத்துக்களில் எழுதுகின்றார் என்பதைக் காணுமாறு பவுல் வாசகரை வேண்டுகின்றார். எகிப்தின் வறண்ட மணலிற் கிடைத்த அக்காலப் பாப்பிரசுக் கடிதங்கள் பலவற்றிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். கடிதத்தின் உடற்பகுதி பயிற்சிபெற்ற எழுதுவோரின் கையெழுத்திலும், இறுதி வாழ்த்து அனுப்பியவரின் கையெழுத்திலும் அமைந்திருக்கும். அன்றியும், ஐயத்துக்கிடமில்லாத நிருபங்கள் பலவற்றின் தொடக்கத்திலே பவுலுடன் தீமோத்தேயு, சில்வானு, சொஸ்தெனே முதலியோரின் பெயர்களும் அனுப்புவோராகக் குறிக்கப்படுகின்றன.

இதனால், இரு நிருபங்களின் நடை வேறுபடுகின்றது என்பது மட்டுங்கொண்டு அவற்றின் ஆசிரியர் இருவர் எனத் துணிதல் இயலாது. எழுதுவோருக்கு அளிக்கப்பட்ட உரிமையின் அளவும், உடனிருந்தோரின் பங்கும், பவுலின் வயதும், பொருளின் இயல்பும் நடையை மாற்றக்கூடும்.

இவ்விடத்தில் 2 தெசலோனிக்கேயர் நிருபம் நமது சிந்தனைக்குரியது. தம்மிடமிருந்து வந்ததுபோலத் தோன்றும் கடிதத்தைக் கண்டு கலங்கவேண்டாம் என அதன் 2ஆம் அதிகாரம் எச்சரிக்கின்றது. 3ஆம் அதிகாரத்தின் இறுதியிலே, தமது கைப்பட எழுதும் வாழ்த்தே தம் நிருபங்கள் ஒவ்வொன்றிற்கும் அடையாளம் எனக் கூறப்படுகின்றது. பவுல் தமது பெயரைப் பிறர் கையாள்வதைத் தடுக்கவே இவ்வாறு எழுதினார் என்பர் ஒரு சாரார். பவுலின் பெயரை மேற்கொண்ட ஒருவர் தமது நிருபத்தை மெய்யானதெனக் காட்டுவதற்கே இவ்வாறு எழுதினார் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது உண்மையாயினும் ஒன்று உறுதி. பவுலின் பெயரிற் பொய்க் கடிதம் உலவக்கூடும் என்னும் அச்சம் புதிய ஏற்பாட்டின் ஏடுகளுக்குள்ளேயே பதிவாகியுள்ளது. ஆசிரியர் பற்றிய வினா வேதத்திற்குப் புறத்தேயிருந்து வந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆதித் திருச்சபையின் ஆராய்ச்சி

பின்வந்த திருச்சபை அறிஞரும் இவ்வினாவைத் தயங்காது எழுப்பினர். எபிரெயர் நிருபத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அலெக்சாந்திரிய நகரத்துக் கிளமெந்து, அதன் கிரேக்க நடை பவுலின் நடைபோன்றதன்று என்பதை உணர்ந்தார். பவுல் அதனை எபிரெய மொழியில் எழுதினார் என்றும் லூக்கா அதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார் என்றும் அவர் விளக்கங் கூறினார். ஆபிரிக்காவின் கார்த்தேச் நகரத்துத் தெர்த்துல்லியன் அதனைப் பர்னபாவின் நிருபம் எனக் குறிப்பிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், கருத்துக்கள் அப்போஸ்தலருடையன, சொல்லமைப்பு அவற்றை நினைவிற்கொண்டு எழுதிய வேறொருவருடையது எனப் பிரித்துக் காட்டி, எழுதியவர் யாவரென்பதைக் கடவுளே அறிவார் என்னும் கருத்துப்பட முடித்தார்.

ஓரிஜனின் மாணவரும் பின்னர் அலெக்சாந்திரிய ஆயராக விளங்கியவருமான தியோனீசியு, வெளிப்படுத்தின விசேஷத்தை யோவான் சுவிசேஷத்துடன் ஒப்பிட்டார். சுவிசேஷத்தின் கிரேக்கம் பிழையற்றது என்பதையும், வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கம் இலக்கண வழுக்கள் நிறைந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஒன்றிற் பயின்றுவரும் சொற்கள் மற்றதிற் காணப்படாமையையும் சுட்டி, இரண்டையும் எழுதியவர் ஒருவரல்லர் என முடிவுசெய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் கையாண்ட முறையினின்றும் இம்முறை அடிப்படையில் வேறுபட்டதன்று. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆசிரியர் அப்போஸ்தலரல்லர் எனக் கருதியபோதும், அந்நூலை அவர் இகழ்ந்து ஒதுக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

கி.பி. 200ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் ஞானஸ்நானம் பற்றி எழுதிய நூலிலே மற்றொரு செய்தி காணப்படுகின்றது. ஆசியா மாகாணத்துக் குருவானவர் ஒருவர் பவுலைப் பற்றிய கதை நூலொன்றைத் தாமே புனைந்தார். குற்றம் வெளிப்பட்டபோது, பவுல்மீது கொண்ட அன்பினாலேயே அவ்வாறு செய்ததாக ஒப்புக்கொண்டு தமது பதவியைத் துறந்தார். அந்நூலிற் பவுலைப் பின்பற்றும் தெக்லா என்னும் பெண் தன்னைத்தானே ஞானஸ்நானம் செய்துகொள்வாள். பின்னர் பிறருக்குப் போதிப்பாள். பெண்கள் சிலர் இக்கதையைக் காட்டித் தமக்கும் போதிக்கும் உரிமையும் ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமையும் உண்டென வாதிட்டமையே தெர்த்துல்லியனைச் சினங்கொள்ளச் செய்தது. இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இதனிடம் மீளவேண்டியிருக்கும்.

கி.பி. 367இல் அலெக்சாந்திரிய ஆயர் அதனாசியு வெளியிட்ட பட்டியலிலே, இன்றுள்ள 27 நூல்களும் இடம்பெற்றன. அதிற் பவுலின் நிருபங்கள் எபிரெயர் உட்பட 14 எனக் கணக்கிடப்பட்டன. அதன்பின் இவ்விவாதம் பெரிதும் ஓய்ந்தது. ஆயினும் அது முற்றாக மடியவில்லை. மார்ட்டின் லூதர் 1522இல் வெளியிட்ட ஜேர்மன் புதிய ஏற்பாட்டிலே எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நான்கையும் இறுதியில் வைத்து, ஏனைய நூல்களுக்கு இட்ட வரிசையெண்ணை அவற்றுக்கு இடாது விட்டார்.

ஆயர் நிருபங்கள்

ஆயர் நிருபங்கள் பற்றிய ஐயம் 1807இல் வலுப்பெற்றது. அவ்வாண்டில் ஜேர்மன் இறையியலாளர் ஷிலையர்மாகர் 1 தீமோத்தேயு பவுலுடையதன்று என வாதிட்டார். 1812இல் ஐக்ஹோர்ன் அவ்வாதத்தை மூன்று நிருபங்களுக்கும் விரித்தார். தியூபிங்கன் பல்கலைக்கழகத்து எஃப். சி. பௌர் மேலும் ஒருபடி சென்று, றோமர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு, கலாத்தியர் ஆகிய நான்கு மட்டுமே ஐயமின்றிப் பவுலுடையன என்றார். பின்வந்த ஆய்வாளர் அவர் கொண்ட எல்லையை மிகக் குறுகியதெனக் கருதி மேலும் மூன்றினைச் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வாதத்தின் அடிப்படைகள் மூன்று எனலாம். முதலாவது சொல்லாட்சி. பி. என். ஹரிசன் 1921இல் வெளியிட்ட ஆய்விலே, இயற்பெயர்களை நீக்கி எண்ணியபோது இம்மூன்று நிருபங்களிலும் 848 வெவ்வேறு சொற்கள் இருப்பதையும், அவற்றுள் 306 பவுலின் ஏனைய பத்து நிருபங்களிற் காணப்படாமையையும் காட்டினார். புதிய சொற்களின் வரவைக் காட்டிலும், சிறிய இடைச்சொற்களும் இணைப்புச் சொற்களும் மாறுபடுவதே வலிய சான்று என்பர். ஒருவர் பொருளுக்கேற்பப் பெயர்ச்சொற்களை மாற்றுவார். வாக்கியங்களை இணைக்கும் பழக்கத்தை எளிதில் மாற்றமாட்டார்.

இரண்டாவது, சபையின் அமைப்பு. 1 கொரிந்தியரிலே நாம் காணும் சபையில், ஒவ்வொருவரும் தாம் பெற்ற வரத்திற்கேற்பப் பேசுகின்றனர், பாடுகின்றனர், தீர்க்கதரிசனம் உரைக்கின்றனர். ஒழுங்கின்மையே அச்சபையின் குறை. ஆயர் நிருபங்களிலோ கண்காணியும் மூப்பரும் உதவிக்காரரும் இருக்கின்றனர். அவர்தம் தகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. 60 வயதிற்குக் குறையாத விதவைகளுக்கென ஒரு பட்டியலும் உண்டு. பவுலின் நிருபங்களிலே கடவுள்மீது வைக்கும் உறுதியாகப் பெரிதும் பேசப்படும் விசுவாசம், இங்கே பழுதுபடாது காத்து அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கவேண்டிய போதனைத் தொகுதியாக மாறியுள்ளது.

மூன்றாவது, புறச்சான்று. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த மார்க்கியோன், பவுலையே தமது முதல்வராகக் கொண்டும், பத்து நிருபங்களை மட்டுமே தமது தொகுதியிற் சேர்த்தார். ஆயர் நிருபங்கள் அதில் இல்லை. பவுலின் நிருபங்களைக் கொண்ட மிகப் பழைய பாப்பிரசு ஏடு ஏறத்தாழக் கி.பி. 200ஐச் சார்ந்தது. அதன் 104 தாள்களில் 86 எஞ்சியுள்ளன. ஒரு பகுதி டப்ளின் நகரிலும் மறுபகுதி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றது. இழந்துபோன இறுதித் தாள்களில் ஆயர் நிருபங்கள் மூன்றும் அடங்குதற்கு இடம் போதாது எனப் பலர் கணித்துள்ளனர்.

எதிர்வாதங்களையும் நடுநிலையுடன் எடுத்துக் கூறவேண்டும். இந்நிருபங்கள் மிகச் சிறியன. இத்துணைச் சிறிய பகுதியைக் கொண்டு சொற்கணக்கு நடத்துவது நம்பத்தக்கதன்று என்பர் புள்ளிவிபரவியலாளர் சிலர். 1960களில் ஏ. கியூ. மோர்ட்டன் என்னும் ஸ்கொத்லாந்துப் போதகர் கணனியின் துணையுடன் வாக்கியங்களின் நீளத்தை அளந்து, பௌர் கூறிய நான்கு பெரிய நிருபங்களையே பவுலுடையனவென நிறுவ முயன்றபோதும் இவ்வாறான மறுப்பே எழுந்தது. மேற்குறித்த பாப்பிரசை எழுதியவர் பிற்பகுதியில் எழுத்துக்களை நெருக்கி எழுதியமையால், தாள்களின் கணக்கும் முற்றான உறுதியுடையதன்று. கிளர்ச்சிக்காரராகக் கருதிய மார்க்கியோன் வேண்டாதவற்றை நீக்கினார் என்றே தெர்த்துல்லியன் எண்ணினார். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரேனேயு இந்நிருபங்களைப் பவுலுடையனவாகவே எடுத்தாண்டார். இவற்றுள் எந்தச் சான்றும் தனித்து நின்று தீர்ப்புக் கூறவல்லதன்று. பல திசைகளிலிருந்து வரும் சான்றுகள் ஒரே இடத்திற் கூடுவதே பெரும்பாலான ஆய்வாளரை இம்முடிபிற்கு இட்டுச் சென்றது.

கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணைக்குழு 1913இல் ஆயர் நிருபங்கள் பவுலுடையனவே எனக் கொள்ளுமாறு பணித்தது. 1943இற் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், பழைய நூல்களின் மொழியையும் இலக்கிய வகைகளையும் வரலாற்று முறைப்படி ஆராய்வதற்கு ஊக்கமளித்தது. அதன்பின் கத்தோலிக்க அறிஞர் பலரும் இவ்வாய்விற் கலந்துகொண்டனர்.

பொய்யா, மரபா?

இந்நிருபங்கள் பவுலுக்குப் பின் எழுந்தவையாயின், அவற்றை எழுதியோரை எவ்வாறு மதிப்பிடுவது? மாணவர் தம் ஆசிரியரின் பெயரில் எழுதுவது அக்கால மரபு. அதனைப் பொய்யென்பது தவறு என்பர் பலர். பித்தாகரசின் வழிவந்தோர் தம் நூல்களை அவர் பெயரிலேயே வெளியிட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும்.

இவ்விளக்கம் முழுமையான மனநிறைவைத் தருவதன்று. அன்புகாரணமாகவே புனைந்தேன் என்ற ஆசியக் குருவானவரைத் திருச்சபை அன்பு கருதி மன்னித்துப் பதவியில் இருத்தவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கிய ஆயர் செராப்பியோன், தமது ஆளுகைக்குட்பட்ட ஊரொன்றிலே பேதுருவின் பெயரால் வழங்கிய சுவிசேஷத்தை வாசிக்க முதலில் இசைவளித்தார். நூலைப் படித்தறிந்தபின் அதனை மறுத்தார். அப்போஸ்தலரை ஏற்கின்றோம், அவர் பெயரிற் பொய்யாக எழுதப்பட்டவற்றை ஏற்கமாட்டோம் என்பதே அவர் நிலைப்பாடு. மரபு என்று கூறி அமைதியடைவதற்கு இச்சான்றுகள் இடந்தரவில்லை. அதேவேளை, தம் குருவின் குரல் மறைந்துபோன சபையொன்றிலே, புதிய இடர்களுக்கு அவர் என்ன கூறியிருப்பார் என்று சிந்தித்து எழுதிய ஒருவரின் உள்ளத்தை இற்றைநாட் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டு அளப்பதும் நேரியதன்று.

வரலாற்று மாணவனுக்கு இங்கே பயன்தரும் வினா, அவர் நல்லவரா தீயவரா என்பதன்று. அவருக்குப் பவுலின் பெயர் ஏன் தேவைப்பட்டது என்பதே.

பெயரின் அதிகாரம்

இவ்விடத்தில் தெக்லாவின் கதைக்கு மீள்வோம். கலாத்தியர் நிருபத்திலே, கிறிஸ்துவில் ஆணென்றும் பெண்ணென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்னும் கருத்தைப் பவுல் கூறுகின்றார். றோமர் நிருபத்தின் இறுதியிற் பெபேயாள் என்னும் பெண் சபையின் ஊழியக்காரியாகவும், யூனியா அப்போஸ்தலருள் பெயர்பெற்றவராகவும் குறிக்கப்படுகின்றனர். நான்காம் நூற்றாண்டிற் பிறந்த யோவான் கிறிசோஸ்தோம் யூனியாவைப் பெண்ணென்றே கொண்டு வியந்தார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அறிஞர் பயன்படுத்திய கிரேக்கப் பதிப்பு அப்பெயரை ஆண்பாலாகவே அச்சிட்டது. 1998இன் அச்சிலேதான் பெண்பாற் பெயர் மீண்டது. 1 கொரிந்தியரின் 11ஆம் அதிகாரம் பெண்கள் சபையிற் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் இயல்பாகவே கொள்கின்றது. 14ஆம் அதிகாரத்தில் அவர்களை மௌனமாயிருக்கப் பணிக்கும் இரு வசனங்களோ, சில பழைய ஏடுகளில் இடம்மாறி அதிகாரத்தின் இறுதியில் நிற்கின்றன. இதனால் அவை இடைச்செருகல் எனக் கருதுவோரும் உளர்.

1 தீமோத்தேயுவின் 2ஆம் அதிகாரமோ பெண் போதிப்பதையே தடைசெய்கின்றது. பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கலாமா என்னும் விவாதத்திலே, இங்கிலாந்துத் திருச்சபை 1992இல் அதற்கு இசைந்து வாக்களிக்கும் வரையிலும் அதன் பின்னரும், எதிர்த்தோர் எடுத்துக்காட்டிய முதன்மையான வசனங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவர் முன்னே இரண்டு பவுல்கள் நின்றனர். ஒருவர் தெக்லாவைப் போதிக்க அனுப்பியவர். மற்றவர் பெண்களைப் போதிக்கவேண்டாமெனத் தடுத்தவர். ஆய்வாளர் முடிபின்படி இவ்விருவரும் பிறரால் எழுதப்பட்ட பவுல்களே. ஒன்று திருச்சபையால் விலக்கப்பட்டது; மற்றது வேதத்தில் இடம்பெற்றது. பெண்களின் இடம் பற்றி அன்று நடந்த பூசலிலே, இரு திறத்தாரும் பவுலின் பெயரையே தம் ஆயுதமாகக் கொண்டனர் என்பதையே இது காட்டுகின்றது.

அடிமைகள் பற்றிய வசனங்களிலும் இத்தகைய நிலையைக் காணலாம். அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் நீண்ட அறிவுரை கொலோசெயர், எபேசியர் ஆகிய இரு நிருபங்களில் வருகின்றது. எபேசியரின் 155 வசனங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு கொலோசெயரின் சொற்களை நினைவூட்டுவன. மிகப் பழைய ஏடுகளில் அதன் முதல் வசனத்திலே எபேசு என்னும் ஊர்ப்பெயரும் இல்லை. கொலோசெயரை முன்வைத்துக்கொண்டு பின்னொருவர் எபேசியரை எழுதினார் எனப் பலர் கருதுவதற்கு இவையும் காரணங்களாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினச் சமய அறிஞர் ஹவார்ட் தேர்மன் 1949இல் வெளியிட்ட நூலிலே தமது பாட்டியைப் பற்றிய செய்தியொன்றைக் கூறுகின்றார். அம்மூதாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறியாதவர். பேரனைக் கொண்டு வேதத்தை வாசிக்கச் செய்து கேட்பார். ஆயினும் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். 1 கொரிந்தியரின் 13ஆம் அதிகாரத்தை மட்டும் இடைக்கிடை அனுமதிப்பார். காரணத்தைப் பின்னொருகால் பேரன் வினவினார். அடிமைக் காலத்திலே எசமானின் போதகர் தம்மிடம் வந்து, அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் பவுலின் வசனத்தையே திரும்பத் திரும்பப் போதித்ததையும், விடுதலை கிட்டினால் அப்பகுதியை வாசிப்பதில்லையெனத் தாம் உறுதிபூண்டதையும் அவர் கூறினார். அவர் வெறுத்த வசனம் எபேசியர் நிருபத்தில் உள்ளது. அவர் விரும்பிக் கேட்ட அதிகாரமோ, ஐயத்துக்கிடமில்லாத நிருபத்தைச் சார்ந்தது. அறிஞர் சொற்களை எண்ணி வகுத்த எல்லைக்கோட்டையே இம்மூதாட்டி தம் வாழ்வின் துன்பத்தைக் கொண்டு வகுத்தாரோ என்று வியக்கத் தோன்றும்.

இங்கேதான் வரலாற்று மாணவன் விழிப்பாயிருத்தல் வேண்டும். நாம் விரும்பும் கருத்துக்களைப் பவுலுக்கும், வெறுக்கும் கருத்துக்களைப் பின்வந்தோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ஆராய்ச்சியன்று. செராப்பியோனும் ஒரு நூலின் போதனை தமக்கு உவப்பற்றதென அறிந்தபின்பே அதன் பெயரைப் பொய்யென்றார். நாமும் அதே வழியில் மறுதிசையாகச் செல்லலாகாது. ஐயத்துக்கிடமில்லாத பிலேமோன் நிருபத்திலேயே, பவுல் ஒநேசிமு என்னும் அடிமையை அவனுடைய எசமானிடம் திருப்பியனுப்புகின்றார். அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். அடிமை முறையே ஒழியவேண்டும் எனக் கூறினாரில்லை. எபேசியர் நிருபம் பவுலுடையதன்று எனின், அதனை நடையும் ஏடும் தாம் நிறுவவேண்டும். மூதாட்டியின் துன்பம் அதற்குச் சான்றாகாது. அத்துன்பம் மற்றொன்றிற்குச் சான்றாகும். நூலின் முகப்பிலுள்ள பெயர், எழுதியவரும் எழுதப்பட்டவரும் மறைந்து பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்தபின்னும், எழுத்தறியாத ஒரு பெண்ணின் முதுகின்மேல் அதிகாரம் செலுத்த வல்லது என்பதே அது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, பவுலின் நிருபங்கள் பற்றிய ஆராய்ச்சி வேதத்தின் ஏடுகளுக்குள்ளேயே தொடங்கி, ஓரிஜன், தியோனீசியு முதலியோரால் வளர்க்கப்பட்டு, கடந்த இரு நூற்றாண்டுகளில் நுட்பம் பெற்றதொன்று என்பது புலனாகும். அது சமயப் பகைவரின் கண்டுபிடிப்பன்று. ஒரு நிருபம் பவுலுடையதன்று என்று முடிவுசெய்யும்போது நாம் ஒரு சான்றை இழப்பதுமில்லை. 1 தீமோத்தேயு பவுலைப் பற்றிய சான்றாக இல்லாது போகலாம். ஆயினும், பவுல் மறைந்தபின் தன்னை எவ்வாறு நிலைநிறுத்துவது என்று தவித்த சபையைப் பற்றி அதனினும் நெருங்கிய சான்று வேறில்லை. வேதத்தில் அதற்குரிய இடத்தைச் சமயத்தார் தம் நம்பிக்கையின் வழிநின்று தீர்மானிப்பர். அது எக்காலத்தின் குரல் என்பதைத் தீர்மானிப்பதே வரலாற்று மாணவனின் கடமை.

பெயரைக் கண்டவுடன் பணிந்துவிடுவதும், பெயர் பொய்யென்றவுடன் நூலை எறிந்துவிடுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். அப்பெயரை அங்கே எழுதியவர் யாவர், எவரை இணங்கச்செய்ய எழுதினார், எவர் அதனால் வாய்மூடினர் என்று வினவுவதே நமக்குரிய வழியாகும்.